அண்டர்ரைட்டர் கேட்க மறந்த கேள்வி

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர் என்று ஒருவர் உண்டு. பாலிசி எடுப்பவர் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஏஜென்ட் வீட்டுக்கு வருவார், படிவத்தை நிரப்புவார், கையெழுத்து வாங்குவார், போய்விடுவார். அந்தப் படிவம் கடைசியில் போய்ச் சேர்வது அண்டர்ரைட்டரின் மேஜைக்கு. இவருக்குப் பாலிசி தரலாமா, பிரீமியம் எவ்வளவு, என்ன நிபந்தனை போடலாம் என்று முடிவு செய்வது அவர்தான்.

அது என்ன 'அண்டர்ரைட்டர்'? நேராகச் சொன்னால் 'கீழே எழுதுபவர்'. அவ்வளவுதான்! 1680களில் லண்டன் டவர் தெருவில் எட்வர்ட் லாய்டு என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தினார். 1691ல் கடை லம்பார்டு தெருவுக்கு மாறியது. கப்பல் முதலாளிகள், கேப்டன்கள், வணிகர்கள் எல்லாம் கூடும் இடம் அது. கப்பலின் பெயர், சரக்கு, போகும் ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். "இந்த ரிஸ்க்கில் இவ்வளவு தொகை என்னுடையது" என்று ஒப்புக்கொள்ளும் பணக்காரர்கள் அதன் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். கப்பல் மூழ்கினால் சொந்தப் பணத்தில் இருந்து கொடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கப்பல் ஓட்டையா, நல்லதா என்பது அதன் சொந்தக்காரருக்குத் தெரியும். காப்பிக் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பி.காம். மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் 'உச்ச நன்னம்பிக்கை' என்ற கோட்பாடு வந்தது. பாலிசி எடுப்பவர் முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது. இதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு 1766ல் தீர்ப்பான 'கார்ட்டர் எதிர் போயம்'. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது யார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

சுமத்ரா தீவின் பெங்கூலுவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர். பிரிட்டனும் பிரான்சும் ஏழாண்டுப் போரில் மோதிக்கொண்டிருந்த காலம். கோட்டை எதிரியிடம் விழுந்தால் பணம் கிடைக்கும்படி, அவருக்காக அவருடைய சகோதரர் லண்டனில் பாலிசி எடுத்தார். கீழே கையெழுத்துப் போட்டவர் சார்லஸ் போயம். பாலிசியின் காலம் 1759 அக்டோபர் முதல் 1760 அக்டோபர் வரை. கையெழுத்தானதோ 1760 மே மாதம். அதற்கு முந்தைய மாதமே கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் வசமாகிவிட்டது! கப்பலில் செய்தி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் லண்டனில் யாருக்கும் அது தெரியாது.

கோட்டையைப் பிடித்தவர் தெஸ்தான் பிரபு. இவர் சென்னைக்கும் பழையவர்தான். 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டவர்.

பணம் தர போயம் மறுத்தார். கோட்டை பலவீனமானது, உள்ளூர்க்காரர்களைச் சமாளிக்கத்தான் கட்டப்பட்டது, ஐரோப்பியப் படையைத் தாங்காது. முந்தைய ஆண்டே பிரெஞ்சுக்காரர்கள் தாக்க எண்ணியிருந்ததாகக் கவர்னருக்குக் கடிதம் வந்திருந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவர் போயம் பக்கம்தான் தீர்ப்பு என்று நினைப்பார்.

ஜூரி கார்ட்டருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. மறுவிசாரணை கேட்ட போயத்தின் மனுவைத் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணங்களின் சாரம் இது: போர் நடப்பது லண்டனில் இருப்பவருக்கும் தெரியும். கோட்டையின் நிலை கவர்னருக்குத் தெரியும் என்பதும் போயத்துக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வியும் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்த பிறகு "சொல்லவில்லையே" என்று ஒதுங்க முடியாது. நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் பொது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டது என்று தெரிந்தும் பிரீமியம் வாங்கும் அண்டர்ரைட்டரும் குற்றவாளிதான்.

பிறகு நடந்தது வேறு. 1906ல் பிரிட்டனின் கடல் காப்பீட்டுச் சட்டம் இந்தக் கோட்பாட்டை எழுத்தில் கொண்டுவந்தது. நன்னம்பிக்கை மீறப்பட்டால் 'எந்தத் தரப்பும்' ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சரக்கை இழந்து நிற்பவருக்கு ஒப்பந்தம் ரத்தானால் என்ன லாபம்? கட்டிய பிரீமியம் திரும்ப வரலாம், அவ்வளவே. இழப்பீடு தரவேண்டிய கம்பெனிக்குத்தான் ரத்து என்பது லாபம். இரு பக்கமும் கூரான கத்தி என்று சொல்லப்பட்டது, நடைமுறையில் ஒரு பக்கம் மட்டுமே வெட்டியது.

தராசைச் சரிசெய்ய நீண்ட காலம் பிடித்தது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனிநபர் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். என்ன கேட்பது என்று யோசிப்பது அண்டர்ரைட்டரின் பொறுப்பு. இந்தியாவில் 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45வது பிரிவு 2015ல் திருத்தப்பட்டது. ஆயுள் காப்பீட்டில் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மோசடி என்று சொல்வதானாலும் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அதற்காகப் படிவத்தில் பொய் எழுதலாம் என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயை மறைத்து வாங்கிய பாலிசி, அந்த மூன்று ஆண்டுகளுக்குள் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிடும். ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து பாலிசிதாரருடையது. ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தேர்வில் 'உச்ச நன்னம்பிக்கை' கேள்வி வந்தால், பாலிசிதாரரின் கடமையோடு நிறுத்த வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட அண்டர்ரைட்டர் தோற்றார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள் :)