யூபிவிசி சன்னல் பழுதுபார்த்தல்

யூபிவிசி சன்னல் பழுதுபார்த்தல் என்பது, நெகிழியாக்கி சேர்க்கப்படாத பாலிவினைல் குளோரைடினால் செய்யப்பட்ட வீட்டுச் சன்னல்களில் தோன்றும் குறைபாடுகளைக் கண்டறிந்து சீர்செய்யும் பணியாகும். நகர்த்த முடியாத கதவு, உட்புகும் மழைநீர், தளர்ந்த கைப்பிடி, தொங்கிய கதவு, உடைந்த கண்ணாடி ஆகியன இவற்றுள் அடிக்கடி காணப்படுபவை. இவ்வகைச் சன்னல் கெட்டுவிட்டால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் சட்டம் பழுதடைவது அரிது. பெரும்பாலும் பழுதடைவன அதனுடன் பொருத்தப்பட்ட சக்கரம், கீல், ரப்பர் பட்டை, பூட்டு போன்ற சிறு உறுப்புகளே. இவற்றைத் தனித்தனியாக மாற்றலாம்.

பின்னணி

பிவிசி சட்டங்களால் ஆன சன்னல்கள் 1950களின் நடுப்பகுதியில் செருமனியில் உருவாயின. இந்தியாவில் இவை 2000களில் பரவத் தொடங்கின. தேக்கு மரத்தின் விலை, கரையான் தொல்லை, இரும்புச் சன்னலின் துரு ஆகியவற்றால் சலித்த வீடு கட்டுவோர் இதனை விரும்பினர். தமிழ்நாட்டுக்கும் பிவிசிக்கும் உள்ள தொடர்பு இதைவிடப் பழையது. தருமபுரிக்கு அண்டை மாவட்டமான சேலத்தில், மேட்டூரில் 1960களிலேயே பிவிசி ஆலை தொடங்கப்பட்டது. கடலூரில் 2009 இல் மற்றொரு பெரிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. குழாய்களுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் ஏற்ற வகைப் பிசின் இங்கு உருவாக்கப்படுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் உள்ள அரூர், சித்தேரி மலைக்கும் தீர்த்தமலைக்கும் அண்மையில் அமைந்த வட்டத் தலைமையிடம் ஆகும். கோடையில் கடும் வெயிலும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழையும், ஆண்டின் எஞ்சிய நாட்களில் செம்மண் புழுதியும் இப்பகுதிக்கு உரியன. இம்மூன்றும் யூபிவிசி சன்னலின் மூன்று பலவீனங்களைத் தொடுகின்றன. வெயிலால் சட்டம் நீள்கிறது, புழுதி தடத்தை அடைக்கிறது, அடைபட்ட தடத்தின் வழியே மழைநீர் வீட்டினுள் வருகிறது. ஃபெஞ்சல் புயலின் எச்சம் 2024 திசம்பர் தொடக்கத்தில் இப்பகுதியைக் கடந்தபோது, அண்மையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும் அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையில், வழக்கமான நாளில் எவரும் கவனிக்காத ஒரு வடிகால் துளை, படுக்கையும் மின்பொத்தான் பெட்டியும் நனையுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றது.

அமைப்பு

சட்டத்தின் குறுக்குவெட்டில் பல வெற்றறைகள் இருக்கும். நடு அறையினுள் துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டை செருகப்பட்டு, அதுவே சட்டத்துக்கு விறைப்பைத் தருகிறது. மூலைகளில் சட்டங்கள் ஏறத்தாழ 240 முதல் 250 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கி ஒட்டப்படுகின்றன. எனவே மரச் சன்னலைப் போல மூலையைக் கழற்றி மீண்டும் பூட்ட இயலாது. வெண்மை நிறமும் வெயில் தாங்கும் தன்மையும் கலவையில் உள்ள டைட்டானியம் டையாக்சைடினால் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, இரு கண்ணாடிக் கதவுகளும் ஒரு கொசுவலைக் கதவும் கொண்ட நகரும் சன்னல் ஆகும். வெளிப்புறம் திறக்கும் கீல் வகையும் உண்டு. இரண்டிலும் பாதுகாப்புக்காக இரும்புக் கிராதி தனியே பொருத்தப்படுகிறது. கிராதி எந்தப் பக்கம் உள்ளது என்பது பழுதுபார்ப்பின்போது முக்கியமாகிறது. உட்புறம் இருந்தால், நகரும் கதவை வெளியே எடுக்க முதலில் கிராதியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

நகராத கதவு

கதவு இறுகினால் பலர் முதலில் செய்வது தேங்காய் எண்ணெய் ஊற்றுவது. சில நாட்கள் கதவு நன்றாக ஓடும். பின்னர் எண்ணெயில் புழுதி ஒட்டிக் களிம்பாகி, முன்பைவிடக் கூடுதலாக இறுகும். முதலில் தடத்தைத் தூய்மை செய்தல் வேண்டும். பழைய பல்துலக்கியால் மண்ணைத் தளர்த்தி, தூசு உறிஞ்சியாலோ ஈரத்துணியாலோ எடுத்துவிட்டால், பல சன்னல்கள் வேறு எதுவும் செய்யாமலே சரியாகிவிடுகின்றன. அதன்பின் தேவையானால் சிலிக்கான் தெளிப்பு மட்டும் போதும். மண்ணெண்ணெய், கிரீசு போன்ற பெட்ரோலியப் பொருட்கள் ரப்பர் பட்டையை ஊதச் செய்யும். தின்னர், அசிட்டோன் ஆகியவை சட்டத்தின் மேற்பரப்பையே கரைக்கும்.

தூய்மை செய்தும் நகரவில்லையெனில் கதவின் அடியிலுள்ள சக்கரங்களைப் பார்க்க வேண்டும். பல வகைகளில், கதவின் பக்கவாட்டில் அடிப்பகுதியிலுள்ள துளை வழியே ஒரு திருகாணியைத் திருப்பிச் சக்கரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். திருப்பும் திசை வகைக்கு வகை மாறும். இரு முனைகளையும் சமமாக உயர்த்தாவிட்டால் கதவு சாய்ந்து பூட்டு பொருந்தாமற் போகும். சக்கரம் தேய்ந்திருந்தால் கதவைக் கழற்றி மாற்ற வேண்டும். கதவை மேல் தடத்துக்குள் உயர்த்தி, அடிப்பகுதியை உட்புறமாக இழுத்தால் வெளிவரும். சில சன்னல்களில், திருடர் இவ்வாறே கழற்றுவதைத் தடுக்க மேல் தடத்தில் ஒரு தடைக்கட்டை இருக்கும். அதனை முதலில் நீக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறவாமல் மீண்டும் பொருத்த வேண்டும்.

5 மிமீ தடிப்புள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோகிராம் எடையுடையது. எஃகுப் பட்டையும் சட்டமும் சேர்ந்தால் கதவு ஒருவர் கைக்கு மிகுதி. மாடியில் இப்பணியை ஒருவராகச் செய்வது கூடாது. கீழே தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைநீர் உட்புகுதல்

நகரும் சன்னலின் தடத்தில் நீர் விழுவது குறைபாடு அன்று. அது அவ்வாறே வடிவமைக்கப்பட்டுள்ளது. தடத்தில் விழும் நீர், அடிச்சட்டத்தின் வெற்றறைக்குள் இறங்கி, வெளிப்புறத்திலுள்ள நீள்துளைகள் வழியே வெளியேற வேண்டும். இத்துளைகளை அடைப்பவை பெரும்பாலும் கட்டுமானக் காலத்துச் சிமெண்டுப் பால், சுவர்ப்பூச்சு, செம்மண், குளவிக் கூடு ஆகியன. மற்றொரு காரணம் சற்று வேடிக்கையானது. ஒழுகுகிறது என்று அழைக்கப்பட்டவர், வெளிப்புறத்தில் கண்ட எல்லாத் துளைகளையும் சிலிக்கான் கொண்டு அடைத்துவிடுவார். அடுத்த மழையில் நீர் முழுவதும் உள்ளே திரும்பும்.

இதனைச் சோதிப்பது எளிது. தடத்தில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினால், சிறிது நேரத்தில் வெளிப்புறத் துளைகளில் நீர் வர வேண்டும். வராவிட்டால் மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்தி எடுக்கலாம். உட்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இராமல் விலகியே அமைந்திருக்கும் என்பதால், இரு பக்கமிருந்தும் செய்ய வேண்டும். இச்சோதனையைப் பருவமழைக்கு முன்னர் ஒருமுறை செய்தல் நல்லது. துளை இடப்படாமலே பொருத்தப்பட்ட சன்னல்களும் உள்ளன. அவற்றில் புதிதாகத் துளையிடும்போது எஃகுப் பட்டை உள்ள அறையைத் துளைத்தல் ஆகாது. நீர் புகுந்து பட்டை துருப்பிடிக்கும். கிராதியின் திருகாணிகளை அடித்தடத்தின் வழியே இறக்குவதும் இதே கேட்டினை விளைவிக்கும்.

தடம் சரியாக இருந்தும் சுவர் நனைந்தால், சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட அடைப்பே காரணம். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு ஏறத்தாழ 0.07 மிமீ நீள்கிறது. 2 மீட்டர் நீளமுள்ள சட்டம் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே 25 பாகை சூடேறினால் 3.5 மிமீ நீளும். சிமெண்டுக் கலவையால் இறுக்கிப் பூசிய சட்டத்துக்கு நீள இடமில்லை. எனவே சட்டம் வளையும். அல்லது ஓரத்தில் பூச்சு விரிசலிட்டு நீர் புகும். விரிசலின்மேல் மீண்டும் சிமெண்டு பூசுவது பயனற்றது. பூச்சைச் சுரண்டி எடுத்து, இடைவெளியில் நுரைக் கயிற்றைச் செருகி, அதன்மேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய சிலிக்கானை இட வேண்டும். புளிக்காடி மணம் வீசும் மலிவு வகைச் சிலிக்கான் சிமெண்டில் நன்கு ஒட்டாது, எஃகையும் அரிக்கும். மணமற்ற நடுநிலை வகையே ஏற்றது. இடும்போது சுவர் நன்கு உலர்ந்திருக்க வேண்டும்.

தொங்கிய கதவு

கீல் வகைச் சன்னலில், கைப்பிடிப் பக்க மூலை கீழிறங்கி நிலையில் உராய்வது பொதுவான பழுது. கீலின் திருகாணிகள் தளர்ந்திருந்தால் முதலில் அவற்றை இறுக்கிப் பார்க்கலாம். திருகாணி சுழன்றுகொண்டே இருந்தால், அது எஃகில் பிடிக்காமல் வெறும் பிவிசியில் மட்டும் ஏறியுள்ளது என்று பொருள். மரவேலையில் செய்வதுபோல் தீக்குச்சி செருகுவது இங்கு நிலைக்காது. சற்றுப் பருமனான, எஃகை எட்டும் நீளமுள்ள துருவேறாத திருகாணியை இட வேண்டும்.

கீல் உறுதியாக இருந்தும் கதவு தொங்கினால், பிழை கண்ணாடியைத் தாங்கும் நெகிழிக் கட்டைகளில் இருக்கும். யூபிவிசிக் கதவு தன் சதுர வடிவத்தைக் கண்ணாடியின் துணையால்தான் காத்துக்கொள்கிறது. கண்ணாடியின் எடை, கீல் பக்கத்து அடிமூலையில் இறங்குமாறும், அதற்குக் குறுக்கே எதிரான மேல்மூலையில் தாங்குமாறும் கட்டைகள் வைக்கப்பட வேண்டும். கதவின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் வேறுபாடு தெரியும். கீல் அடிமூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்கான அளவு குறுகியிருந்தால், கண்ணாடிப் பிடிப்புப் பட்டைகளை எடுத்து, அவ்விரு மூலைகளிலும் கட்டைகளைக் கூட்டிச் சமன்செய்யலாம். கதவின் ஓரத்தை இழைத்துச் சிறிதாக்குவது பெரும்பிழை. மழைநீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை இருக்கும் இடமே அதுதான்.

கண்ணாடி, கொசுவலை, கைப்பிடி

கண்ணாடிப் பிடிப்புப் பட்டைகள் பெரும்பாலும் உட்புறம் இருக்கும். நீளமான பட்டையின் நடுவில் அகலமான பட்டித் தகட்டை நுழைத்து நெம்பினால் அது வெளிவரும். எந்தப் பட்டை எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பொருத்தும்போது குறும்பட்டைகளை முதலிலும் நீண்டவற்றைப் பின்னரும் இட வேண்டும். புதிய கண்ணாடி நான்கு பக்கமும் சில மில்லிமீட்டர் இடைவெளியுடன் அமைய வேண்டும். வலுவூட்டிய கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ இயலாது. சரியான அளவைக் கொடுத்தே செய்விக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், தாழ்வான சன்னலுக்கு அதுவே பொருத்தமானது. உடைந்தால் சிறு துண்டுகளாகச் சிதறும். இரட்டைக் கண்ணாடியின் இடையே பனிபோல் மங்கல் தோன்றினால், ஓர அடைப்பு பழுதாகி ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். துளையிட்டு உலர்த்துவது தற்காலிகத் தீர்வே. கண்ணாடி இணையை மட்டும் மாற்றினால் போதும்.

கொசுவலை கிழிந்தால் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. பள்ளத்தில் உள்ள ரப்பர் கயிற்றை உருவி, புதிய வலையைச் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மீண்டும் கயிற்றால் அழுத்தி, எஞ்சியதை அறுத்துவிடலாம். வலையை மிகுதியாக இழுத்துக் கட்டினால் சட்டம் உள்வளையும்.

கைப்பிடியின் திருகாணிகள் வழக்கமாக ஒரு சிறு மூடிக்குள் மறைந்திருக்கும். மூடியைத் திருப்பி இறுக்கினால் ஆட்டம் நிற்கும். கைப்பிடி சுழன்றும் பூட்டு இயங்காவிடில், உள்ளிருக்கும் சதுரத் தண்டு தேய்ந்திருக்கலாம். மாற்றுத் தண்டின் நீளம் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். பழைய உறுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வதே சிறந்த வழி. உறுப்புகளின் அளவுகள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகின்றன.

எச்சரிக்கைகள்

பிவிசியின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின் ஆகும். வளைந்த சட்டத்தை நிமிர்த்த நெருப்பையோ அதிவெப்பக் காற்றையோ காட்டினால் சட்டம் கருகி, மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளிப்படும். ஏறத்தாழ 80 பாகையிலேயே பிவிசி இளகத் தொடங்கும் என்பதால், கிராதியைச் சன்னலருகே பற்றவைக்கும்போதும் சட்டத்தை ஈரச் சாக்கினால் மறைத்தல் வேண்டும். தீப்பொறி பட்ட கண்ணாடியில் நீங்காத புள்ளிகள் விழும்.

பழைய சட்டங்களின் கலவையில் ஈயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகப் பயன்பட்டதுண்டு. பிற்காலத்தில் கால்சியம்-துத்தநாகச் சேர்மங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. இந்திய அரசு 2021 இல் ஈய நிலைப்படுத்திகள் குறித்து வெளியிட்ட விதிகள் பிவிசி குழாய்களுக்கானவை. ஆகவே பழைய சட்டத்தை அறுக்கவோ தேய்க்கவோ நேர்ந்தால் முகக்கவசம் அணிந்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மூலை ஒட்டில் மயிரிழை விரிசல் மட்டும் இருந்தால் பிவிசி பசையால் நிரப்பலாம். விரிசல் ஊடுருவி மூலை அசையுமானால் அக்கதவைப் பணிமனையில் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். கழித்த சட்டங்களைக் குப்பையோடு சேர்த்து எரிப்பது, மேற்கூறிய வளிமத்தோடு டையாக்சின்களையும் காற்றில் கலக்கச் செய்யும். எஃகுப் பட்டையையும் ரப்பரையும் பிரித்தெடுத்த பின் எஞ்சும் பிவிசி, மறுசுழற்சிக் குறியீடு 3 உடைய நெகிழி ஆகும்.