ஊவாத் தோட்டங்களில் துண்டும் தகரவில்லையும்: ஹியூ டிங்கரின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

கடல்கடந்த இந்தியத் தொழிலாளர் வரலாற்றைப் பேசுவோர் முதலில் கையிலெடுப்பது 1974-இல் வெளிவந்த ஹியூ டிங்கரின் ‘ஒரு புதிய அடிமை முறை’ என்ற நூலைத்தான். தோட்டத்துக்கு ஆள் திரட்டி அவர்களை மேய்க்கும் கங்காணியைச் சார்ந்த முறை ஒப்பந்தக்கூலி முறையிலிருந்து வேறானது என்பதை டிங்கர் மறைக்கவில்லை. ஆயினும் மொரிஷியசையும் பிஜியையும் அளந்த கோலாலேயே இலங்கையையும் அளக்கிறார்: புறப்பட்டவர் போகுமிடம் அறியாதவர், ஏய்க்கப்பட்டவர், கடனில் கட்டுண்டவர். கடன் உண்மை. வழிநெடுகச் செத்தவர்களும் உண்மை. அந்த அறியாமையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிஜிக்குப் போனவரை ஐந்தாண்டு ஒப்பந்தம் கட்டியது. இலங்கைத் தோட்டத்தில் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு போதும். கோப்பிக் காலத்தில் பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். எந்தத் தோட்டத்தில் காய்ச்சல், எந்தத் துரை சம்பளத்தைப் பிடித்துவைக்கிறார் என்ற சேதியும் அவர்களோடு திரும்பியது. ஆள் கட்ட வந்த கங்காணி பெரும்பாலும் உறவுக்காரர் அல்லது அதே ஊர்க்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் சரிபார்க்க ஊரில் வேறு வாய்கள் இருந்தன.

1900-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த, தொழிலாளர் உடம்பில் அணிந்த தகரவில்லையைப் பாருங்கள். மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றுவதற்கான ஏற்பாடு அது. மனிதருக்கு எண்ணிடும் கொடுமையும் அதில் இருக்கிறது. ஆனால் புறப்படும்போதே போகுமிடம் உடம்போடு வந்தது. உறவுக்காரர் வேலை செய்யும் தோட்டத்தின் வில்லையையே கேட்டு வாங்க இது வழிவிட்டிருக்கும்.

துண்டு இன்னும் சிக்கலானது. குறித்த கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுவோரிடம் அவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கையொப்பமிடும் சீட்டு அது. டிங்கர் வழியில் வந்தவர்களுக்கு இது வெறும் விலங்கு. எனக்கோ அது தோட்டம் தோட்டமாக நடந்த சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு போய், எந்தத் துரை கடனையும் அடைத்து மேலும் முன்பணம் தருவார் என்று விசாரித்தார். 1854-இல் கண்டியில் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்தினர் ஆள் இழுப்பு, முன்பண உயர்வு என்று ஓயாமல் முறையிட்டனர். ஒன்றும் அறியாத கூட்டத்தைப் பற்றி எந்த முதலாளியும் இப்படிப் புலம்பமாட்டார்.

அந்த அறிவு கங்காணிக்கு மட்டுமே உரியதா, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கும் எட்டியதா? இங்கே சான்று மெலிவானது. பேரம் கங்காணியின் கையில் இருந்தது. கூடிய முன்பணம் ஆட்களின் தலையில் கடனாகவே ஏறியது. இருந்தும் சிறு குழுவை நடத்திய சில்லறைக் கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் அவருடைய சொந்தபந்தம். அவர்களிடம் மறைத்துப் பேரம் நடத்துவது எளிதன்று. லயத்துப் பேச்சு ஏட்டில் ஏறாது. ஏட்டில் இல்லாததாலேயே அறிவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இலங்கை மலைநாட்டின் ஊவாவில் இந்த அறிவு கூடுதல் கனம் பெறுகிறது. ரயில் பண்டாரவளையைத் தொட்டது 1890-களில், பதுளையை எட்டியது 1924-இல். அதற்கு முன் பூனாகலை, கொஸ்லந்தைப் பக்கத்து மலைகளுக்கு ஆளும் சேதியும் பெரும்பாலும் கால்நடையாகவே ஏறின. தப்பான தோட்டத்தில் பேர் பதிந்தவர் ஊர் திரும்ப நெடுந்தொலைவு நடக்க வேண்டும்; ஆகவே முன்கூட்டி விசாரிப்பது உயிர்ப் பிரச்சினை. தேயிலை வந்தபின் வேலை ஆண்டு முழுவதும் நீண்டது. கொழுந்தெடுப்பிலும் கவ்வாத்திலும் தேர்ந்த கைகளுக்குத் தேவை கூடியது. அந்தத் தேர்ச்சியைக் காட்டி அவர்கள் தனியே பேரம் பேசினார்களா என்பதைத் திறந்தே விடுகிறேன்.

துண்டு வழக்கத்தில் வளர்ந்ததால் அதற்குத் தொடக்க ஆண்டு ஒன்றைச் சுட்டுவது பொருந்தாது. முடிவுக்கு ஆண்டு உண்டு: 1921-ஆம் ஆண்டுச் சட்டம். 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கூலி விகிதம் சட்டத்தில் ஏறியது. கோ. நடேசய்யரின் பத்திரிகைகளும் 1931-இல் அவர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும் அதைக் கங்காணியைத் தாண்டி லயத்துக்குக் கொண்டுபோயின. 1940-இல் ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தாமே தேர்ந்த குழு ஒன்றின் மூலம் துரையோடு பேசினார்கள்.