டார்வின் வீட்டுத் தேனீ விளையாட்டு

மாற்றல் வாங்கி ஊர் ஊராகச் சுற்றும் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு. பேசாமல் எங்காவது ரெண்டு ஏக்கர் வாங்கி, நாலு தேனீப் பெட்டி வைத்து, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன? இந்த ஆசை புதுசு இல்லீங்க. காசு, நிலம், நேரம் மூன்றும் இருந்த ஒரு மனிதருக்கே இது பாதிதான் கைகூடியது. அவர் சார்லஸ் டார்வின்.

1842-ல் லண்டனை விட்டு கென்ட் பக்கம் டவுன் என்கிற கிராமத்துக்குக் குடிபோனார். வீட்டோடு சேர்ந்து சுமார் 18 ஏக்கர். பிறந்த குழந்தைகள் 10 பேர், பெரியவர்களானது 7 பேர். செல்ல மகள் ஆனி 1851-ல் 10 வயதில் இறந்துபோனாள்.

1854 செப்டம்பரில் ஒரு மகன் ஓடிவந்து, ஒரு மரத்தடிப் பொந்துக்குள் குண்டுத் தேனீக்கள் நுழைகின்றன என்று சொல்கிறான். ஆங்கிலத்தில் பம்பிள்பீ. (நம்ம ஊரில் மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு வேறு. இதைப் பார்க்க இமயமலைப் பக்கம் போகணும்.) கூடு இருக்கும் என்று போய்ப் பார்த்தால், கூடு கிடையாது. ஆனால் சில நிமிஷத்துக்கு ஒரு தேனீ வருகிறது, அங்கேயே ரீங்காரமிட்டுச் சுற்றுகிறது, போய்விடுகிறது. எல்லாம் ஆண் தேனீக்கள். எங்கே போகின்றன?

ஒற்றை ஆள் துரத்திப் பிடிக்க முடியாது. பிள்ளைகள் ஐந்தாறு பேரை, தேனீ நின்று சுற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவராக நிறுத்தினார். தூரத்தில் நிற்பவன் தேனீ வந்துவிட்டது என்று கத்த வேண்டும், அடுத்தவன் அதை வாங்கிக் கத்த வேண்டும். சத்தம் கை மாறி கை மாறி அப்பா நிற்கும் இடம் வரை வந்து சேரும். வேலியோரம் புதர் மண்டிய காய்ந்த ஓடைக்குள் தேனீ போனால், பிள்ளைகளும் தவழ்ந்து போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். அடையாளம் தெரிய, தேனீ மேல் மாவு தூவினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இது கிடைக்கும், சொல்லுங்கள்!

1861 வரை இந்தக் கவனிப்பு தொடர்ந்தது. பாதை மாறவில்லை, நிற்கும் இடமும் அங்குலம் பிசகவில்லை. குளிருக்குமுன் ஆண்கள் எல்லாம் செத்துப்போகும், இளம் ராணிகள்தான் மிஞ்சும். அடுத்த வருஷம் புதிதாகப் பிறந்தவை அதே இடங்களுக்கு வந்தது எப்படி? டார்வினுக்குப் புரியவில்லை. ராணிகளை ஈர்க்க ஆண்கள் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து வாசனை பூசி வழியைக் குறிக்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. விடை தெரிந்த அப்பா பாடம் நடத்தவில்லை, தெரியாத அப்பா பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

ஆனால் பள்ளி விஷயத்தில் அவருக்கும் துணிச்சல் வரவில்லை. லத்தீன், கிரேக்கம் என்று ஷ்ரூஸ்பரி பள்ளியில் தான் உருப்போட்டதை வெறுத்தவர். அப்படியும் மூத்த மகன் வில்லியமை 1852-ல் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பழைய கல்வி மேல் மரியாதையே இல்லை, அதை உடைத்து வெளியே வரத்தான் தைரியம் இல்லை என்ற பொருளில் நண்பர் ஃபாக்ஸுக்கு எழுதினார். பையன் பின்தங்கிவிடுவானோ என்கிற அதே பயமாகத்தான் இருக்கணும். தம்பிகளைக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தந்த கிளாப்பம் பள்ளிக்கு மாற்றினார்.

பெண்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, வீட்டோடு ஆசிரியை, அவ்வளவுதான். 1871-ல் வந்த அப்பாவின் மனிதத் தோற்றம் பற்றிய புத்தகத்தைத் திருத்திக்கொடுத்தது மகள் ஹென்ரியட்டா. ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் மூவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஆனார்கள். அந்த வாசல் அவளுக்குக் கிடையாது. வீட்டுக் கல்வி என்று உருகும்போது இதையும் பார்க்கணும்.

வில்லியம் என்ன ஆனார்? நம்ம இனம் :-) 1861-ல் சவுத்தாம்ப்டனில் ஒரு வங்கியில் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் பூக்களையும் மகரந்தத்தையும் பார்த்து, குறிப்பெடுத்து, அப்பாவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்.