டைம்லாப்ஸ் படப்பிடிப்பில் தொலைநிலை எக்ஸ்போஷர் கட்டுப்பாடு

குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்த நிழற்படங்களை வேகமாக ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மெதுவான மாற்றத்தைக் காட்டுவது டைம்லாப்ஸ். ஒளி மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் செய்யும்போது, கேமராவைத் தொடாமல் கேபிள், வைஃபை, இணையம் ஆகியவற்றின் வழியாக ஷட்டர் வேகத்தையும், ஐஎஸ்ஓ எனும் உணர்திறன் அளவையும், அபர்ச்சர் எனும் லென்ஸ் துளையையும் சிறுகச் சிறுக மாற்றிக்கொண்டே போவது தொலைநிலை எக்ஸ்போஷர் கட்டுப்பாடு. கையால் தொட்டால் ஸ்டாண்டு அசையும். மயிரிழை அசைவும் ஓடும் படத்தில் துள்ளலாகத் தெரியும். கேமரா பெரும்பாலும் மொட்டைமாடியிலோ கட்டடச் சாரத்திலோ நிற்பதால், ஒவ்வொரு முறையும் ஆள் ஏறிப்போக முடியாது என்பதும் உண்டு. கருவிகள் மலிந்த பிறகு இதை முழுக்க முழுக்க மென்பொருளின் வேலையாகக் கருதும் வழக்கம் வந்துவிட்டது. வெளிச்சம் வானத்திலிருந்து மட்டுமே வரும் இடத்தில் அந்த வழக்கம் சரி. மனிதர் ஏற்றும் விளக்கும் சேர்ந்துகொள்ளும் இடத்தில் அது சரிவராது. பெங்களூரின் பொம்மனஹள்ளியையும், அதே நகரிலுள்ள ஒரு நிறுவனம் நடத்தும் லடாக்கின் ஹான்லே வானாய்வகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும்.

முதலில் ஒளியின் கணக்கு. நடுப்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். தெளிந்த வானில் சூரியன் மறையும் தருணத்தில் அது 400 லக்ஸாகிவிடும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது 3.4 லக்ஸ். நிலவில்லாத விண்மீன் வெளிச்சம் ஒரு லக்ஸில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி பாதியாவதையோ இரட்டிப்பதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். அந்தக் கணக்கில் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே 26 ஸ்டாப்புக்கு மேல் இருக்கிறது. இடைஞ்சல் அளவில் மட்டுமல்ல, வேகத்திலும் உண்டு. பொம்மனஹள்ளி 13 பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் சூரியன் அங்கே ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் மறைந்த சூரியன் 6 பாகை கீழே போக 21 நிமிடம் போதும். லண்டனில் இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 400 லக்ஸிலிருந்து 3.4 லக்ஸுக்கு இறங்குவது கிட்டத்தட்ட 7 ஸ்டாப். அதாவது 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். 10 விநாடிக்கு ஒரு படம் எடுத்து, விநாடிக்கு 25 ஃப்ரேம் என ஓட்டினால், இந்த 21 நிமிடமும் திரையில் 5 விநாடிதான். கேமராக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்பாகத்தான் அளவை மாற்றுகின்றன. எனவே 6 ஃப்ரேமுக்கு ஒருமுறை, திரையில் கால் விநாடிக்கு ஒருமுறை, ஒரு படி விழும். வானம் படிப்படியாக அல்ல, வழுக்கிக்கொண்டு இருட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் படம் மினுக்கும்.

மூன்று அளவுகளில் எதை மாற்றுவது என்பதில் அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஷட்டர் முதலில், ஐஎஸ்ஓ அடுத்து, அபர்ச்சர் கடைசியில், முடிந்தால் வேண்டவே வேண்டாம். காரணம் எந்திரத்தில் இருக்கிறது. பெரும்பாலான லென்ஸ்களில் அபர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் அதே அளவில் நிற்பதில்லை. தனிப்படத்தில் யாருக்கும் தெரியாத அந்தப் பிசகு, ஓடும் படத்தில் நடுக்கமாக வெளிப்படும். அபர்ச்சரைக் கையால் திருகும் வளையமுள்ள பழைய லென்ஸ்களை டைம்லாப்ஸ்காரர்கள் இன்றும் தேடி வாங்குவது இதனால்தான். ஷட்டருக்கும் ஓர் எல்லை உண்டு: 10 விநாடி இடைவெளி என்றால் 8 விநாடிக்கு மேல் திறந்துவைப்பது ஆபத்து, படத்தை எழுதிச் சேமிக்கவும் அடுத்த கட்டளையை வாங்கவும் கேமராவுக்கு நேரம் வேண்டும். தொலைவிலிருந்து வரும் கட்டளை இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள அந்தச் சிறு இடுக்கில்தான் நுழைய முடியும். லினக்ஸில் ஓடும் ஜிஃபோட்டோ2 போன்ற திறமூல மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்னும் சிறுகணினியில் ஏற்றி யூஎஸ்பி கேபிளால் கேமராவோடு இணைப்பவர்கள், நிறுவனங்கள் தரும் கைப்பேசிச் செயலிகளைவிட இதை மேலானது என்று கருதுகிறார்கள். அது நியாயமே. கேபிள் கழன்றால் உடனே தெரியும். வைஃபை எப்போது அறுந்தது என்பது படம் கெட்ட பிறகுதான் தெரியவரும்.

இனி பொம்மனஹள்ளி. ஒசூர் சாலையை நோக்கி ஒரு மொட்டைமாடியில் கேமரா நிற்கிறது என்று கொள்வோம். சில்க்போர்டு சந்திப்பிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளும் மேம்பாலச் சாலை 2010இல் திறக்கப்பட்டது. ராஷ்ட்ரிய வித்யாலயா சாலைக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையிலான மெட்ரோ மஞ்சள் தடம், பொம்மனஹள்ளி நிலையத்தோடு, 2025 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒசூர், கிருஷ்ணகிரி, சேலம் பேருந்துகள் போகும் வழியும் இதுவே. சூரியன் மறைந்து கால் மணி நேரத்துக்குள் தெருவிளக்கு, கடைப் பலகை, பிரேக் விளக்குகளின் சிவப்பு வரிசை, ரயில் பெட்டிகளின் சன்னல் வெளிச்சம் எல்லாம் வந்துவிடும். முக்கியச் சாலைகளுக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் விளக்கொளி 15 முதல் 30 லக்ஸ். ஆகவே நண்பகலிலிருந்து சாலை இறங்குவது 12 ஸ்டாப் அளவுதான். அதற்குக் கீழே அது போகவே போகாது. தலைக்கு மேலுள்ள வானமோ தன்பாட்டுக்கு இருட்டிக்கொண்டே போகும். ஒரே சட்டத்துக்குள் ஒரு பாதி நின்றுவிட்டது, மறுபாதி இன்னும் இறங்குகிறது. எக்ஸ்போஷர் எதன் பின்னால் போக வேண்டும்?

கேமராவின் ஒளிமானியிடம் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அது இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும். எதிரே திரும்பும் லாரியின் முகப்பு விளக்கு ஒரு ஃப்ரேமில் நேராக விழுந்தால், அந்த ஒரு படத்தை மட்டும் இருட்டாக எடுக்கும். அடுத்ததில் மீண்டும் வெளுக்கும். தெருவிளக்குகள் ஒருசேர எரியும் தருணத்தில் மொத்த வானத்தையும் ஒரு படி கறுப்பாக்கிவிடும். அதற்கும் மேலே ஒரு கோளாறு உண்டு: தானியங்கி எக்ஸ்போஷர் ஒவ்வொரு மாற்றத்தையும் திருத்த வேண்டிய பிழையாகவே பார்க்கிறது. மாலையையும் இரவையும் ஒரே நடுச்சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. இருட்டுவதைக் காட்டவே எடுக்கும் படத்தில் இருட்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவியை நம்புவதில் பொருளில்லை. இந்தியாவில் முதன்முதலாக மின் தெருவிளக்கு ஏற்றிய நகரங்களின் வரிசையில் பெங்களூரும் ஒன்று. 1905இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் அங்கே தெருவில் எரிந்தது. அந்தி வானத்துக்கும் தெருவிளக்குக்கும் இடையிலான இந்த இழுபறி அந்த ஊருக்குப் புதிதல்ல.

எதிர்ப்பக்கத்துக்கு ஹான்லே. கோரமங்களாவில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம், பொம்மனஹள்ளியிலிருந்து அதே ஒசூர் சாலையில் வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அது நிறுவிய 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதல் ஒளியைக் கண்டது. அதை இயக்கும் வானியலாளர் மலையில் இருப்பதில்லை; பெங்களூருக்கு வெளியே ஹொசகோட்டேயிலுள்ள ஆய்வு மையத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கட்டளையிடுகிறார். அந்தி வேளையில் அவர் செய்யும் ஒரு வழக்கமான வேலை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை ஒரே அளவாக வாங்குவதில்லை. அதைச் சமன்செய்ய, வெறும் அந்தி வானத்தைச் சில படங்கள் எடுத்துவைப்பார்கள். வானம் மங்க மங்க ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒளி அதிகமானால் உணரி நிரம்பிவிடும், குறைந்தால் இரைச்சல் மிஞ்சும். இதற்கான கணக்கை 1993இல் அமெரிக்க வானியல் ஆய்விதழ் ஒன்றில் நீல் டைசனும் ராய் காலும் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் தொலைக்காட்சியால் புகழ்பெற்ற அதே நீல் டைசன்தான். அந்தி வானம் மங்கும் விதம் கணிக்கத்தக்கது, எனவே அடுத்தடுத்த படங்களின் நேரத்தை முன்கூட்டியே எழுதிவிடலாம் என்பது அதன் சாரம். 26 ஸ்டாப்பையும் கடந்து போகும் ஹான்லே வானம், 12 ஸ்டாப்போடு நிற்கும் ஒசூர் சாலையைவிட இந்த வகையில் எளிது. அங்கே சூரியனும் நிலவும் பஞ்சாங்கப்படி வருகின்றன. சுற்றுவட்டாரம் 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதால், குறுக்கே வரும் விளக்குகளும் குறைவு.

அங்கே தொல்லை வேறு வகையில் வருகிறது. ஹான்லே வானாய்வகத்தின் பொறுப்புப் பொறியாளர் டோர்ஜே ஆங்சுக், விண்மீன்கள் அசையாமல் நிற்க நிலம் சுழல்வதாகத் தோன்றும் ஒரு டைம்லாப்ஸை 2025இன் தொடக்கத்தில் வெளியிட்டார். பகல் இரவாகி மீண்டும் பகலாகும் 24 மணி நேரத்தை ஓரியன் விண்மீன் கூட்டத்தை மையமாக வைத்துப் பிடிப்பது அதன் நோக்கம். நான்கு இரவுகள் எடுத்துக்கொண்டதையும், கடுங்குளிரில் பேட்டரி தீர்ந்ததையும், சேமிப்பு அட்டையும் டைமரும் பழுதானதையும் அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். அவர் குறிப்பிட்ட இடையூறுகள் எல்லாம் கருவி சார்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

விளக்கும் வானமும் கலக்கும் இடத்தில் மென்பொருள் மட்டும் போதாது என்ற இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். உணரியின் தரவை அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்தால் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஒன்று. ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வரை அது உண்மை. மூன்று நான்கு ஸ்டாப் இருட்டாக விழுந்ததைத் தூக்கினால் நிழற்பகுதி முழுக்க இரைச்சல் நெளியும். வெளுத்துப்போன விளக்குப் பலகையையோ எந்த மென்பொருளும் மீட்க முடியாது. இரண்டாவது மறுப்பு கனமானது: படம் முழுவதையும் அலசி, முந்தைய ஃப்ரேம்களோடு ஒப்பிட்டு, எக்ஸ்போஷரை மெல்ல ஏற்றி இறக்கும் நிரல்களும் கைக்கருவிகளும் இப்போது இருக்கின்றன, கேமராக்களிலேயே எக்ஸ்போஷர் சீராக்கும் வசதி வந்துவிட்டது. இவை மினுக்கலைக் குறைக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றால் எவ்வளவு வேகமாக மாற்றுவது என்பதைத்தான் தீர்மானிக்க முடிகிறது. எங்கே நிறுத்துவது என்பதை அல்ல. சாலை விளக்குகள் சரியாகத் தெரியும் அளவில் நிறுத்தி, வானத்தை அதன் போக்கில் கறுக்க விடுவதா, மேகத்தின் கடைசி ஊதா தெரியும்வரை தொடர்ந்து, விளக்குகள் வெளுப்பதைப் பொறுத்துக்கொள்வதா என்பது அந்தப் படம் எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது. அதை ஒளிமானியால் சொல்ல முடியாது. ஜூலை மாதப் பெங்களூர் மேகம் நடுப்பகலிலேயே 1 லட்சம் லக்ஸை 10,000க்குக் கீழே தள்ளி, பத்து நிமிடத்தில் பழையபடி விட்டுவிடும். நிரல் அதைத் துரத்தும். ஆள் அதை நிழலாகவே விட்டுவிடலாம். பெரும்பாலும் விட்டுவிடுவதே அழகு.

மூன்றாவது மறுப்பு நேர்மாறானது: அப்படியானால் ஆளே ஒவ்வொரு படத்துக்கும் மாற்றட்டுமே என்பது. 3 மணி நேரத்தில் 1,080 படங்கள். எந்தக் கையாலும் அது சீராக வராது. அதோடு, எடுத்தவரின் நினைவில் மட்டும் இருக்கும் மாற்றத்தால் பயனில்லை. கோப்பிலேயே பதிவாக வேண்டும். ஷட்டரும் ஐஎஸ்ஓவும் படத்தோடு சேர்ந்தே பதிவாவதால்தான், ஒவ்வொரு படியும் எந்த ஃப்ரேமில் விழுந்தது என்று எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள் கண்டுபிடித்து, அதன் இருபுறமும் எதிர்த்திசையில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கி மழுப்புகிறது. பதிவு இல்லாத தொடர் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம்பிடித்து வருகிறது. நூறாண்டு டைம்லாப்ஸ் என்றே அதைச் சொல்லலாம். கண்ணாடித் தட்டிலும் பிலிமிலும் இருந்த அவற்றைக் கணினிக்கு மாற்றிய பிறகு, தட்டுக்குத் தட்டு மாறியிருந்த ஒளியளவையும் செறிவையும் சமப்படுத்துவதே ஆய்வாளருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆகவே நடைமுறைக்கு உகந்தது ஒரு கலப்பு முறை. சூரியன் இறங்கும் கணக்கை வைத்து முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. எந்திரம் அதன்படி எக்ஸ்போஷரைப் படிப்படியாக ஏற்றுகிறது. ஆள் தொலைவிலிருந்து சமீபத்திய படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவைப்பட்டால் பட்டியலைத் தாமதப்படுத்துகிறார், முந்தவைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். திசையை மட்டும் அவர் மாற்றுவதில்லை: மாலையில் ஒருமுறை ஏற்றிய எக்ஸ்போஷரைத் திரும்ப இறக்கினால், படம் சட்டென இருண்டு, மறுபடி ஏற்றும்போது இரவுக்குள் ஒரு விடியல் முளைக்கும். இணைப்பு அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பட்டியல் மொட்டைமாடியிலுள்ள சிறுகணினியிலேயே இருந்தால், வைஃபை போனாலும் மாற்றம் தொடரும். கைப்பேசியில் இருந்தால், கடைசிக் கட்டளையோடு கேமரா உறைந்துபோய், மீதி மாலை முழுதும் கறுப்பாகவே பதிவாகும். மார்ச் கடைசி வாரத்தில் பொம்மனஹள்ளியில் சூரியன் மாலை ஆறரை மணியளவில் மறைகிறது. பட்டியலை எழுதி, கேமராவில் ஏற்றி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடும் வேலை ஆறு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும்.