தபோலிப் படைவீரர் குடும்பங்களும் நம் கல்வி வரலாறும்

கல்விக்கெனத் தோன்றிய கழகம் ஒன்று வெள்ளி விழாக் காணும் வேளையில், கல்விக்காக நமக்கு முன் நின்று போராடியவர்களை நினைவுகூர்தல் நம் கடமையாகும். அவர்களுள் படைவீரர் குடும்பத்தினர்க்குத் தனியிடம் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் விழிப்புற்ற வரலாற்றை அறிய முற்படுவோர், பம்பாய் மாகாணத்து மகர் படைவீரர்களையும், அவர்கள் ஓய்வுபெற்றபின் கூடி வாழ்ந்த கொங்கணத்துத் தபோலி என்னும் ஊரையும் கடந்து செல்ல இயலாது.

ஊர்ப்புறத்தில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த மகர் குல மக்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படை பெருமளவில் சேர்த்துக்கொண்டது. 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றோருள் அவர்களும் இருந்தனர். அங்கு நிறுவப்பட்ட நினைவுத்தூணில் வீழ்ந்தோர் பெயர்களிடையே மகர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

படைப்பணி தந்த கூலியினும் பெரியது, அது தந்த எழுத்தறிவு. வீரர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, படைப்பிரிவுப் பள்ளிகளில் கல்வி கற்பிக்கப்பட்டது. ஆங்கிலேயர் தம் நிருவாகத் தேவைக்காகச் செய்த ஏற்பாடே இது. ஆயினும் ஊர்ப் பள்ளியின் நிழலையும் மிதிக்கவியலாத குடும்பங்களில் எழுத்து நுழைந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் ராம்ஜி சக்பால் அப்பள்ளிகளில் பயின்றவர். பின்னர் படைப்பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கியவர். அண்ணல் பிறந்ததும் 1891இல் மாவ் என்னும் படைப்பாளையத்திலேயாகும்.

இந்த வாயில் விரைவில் அடைக்கப்பட்டது. 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, வடபுலத்துச் சில இனத்தாரே போர்க்குடிகள் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். அக்கொள்கை வேரூன்றவே, 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மூன்று தலைமுறை இரத்தம் சிந்திய குடும்பங்களின் பிள்ளைகள் படைவீரராகும் உரிமையை இழந்தனர்; அதனுடன் படைப்பள்ளியையும் இழந்தனர். தந்தையின் ஓய்வூதியம் அவர் வாழ்நாளோடு முடிந்துவிடும். அதன்பின் செத்த மாட்டை இழுக்கும் பழைய ஊர்ப்பணியே பிள்ளைகளுக்குக் காத்திருந்தது.

இந்நிலையில் தபோலியில் குடியிருந்த ஓய்வுபெற்ற வீரர்கள் செய்தது யாது? தத்தம் ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டு வாளாவிருந்தனரா? இல்லை. 1886இல் படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் அங்கே ஒரு சங்கம் கண்டார். அநாரிய தோஷ பரிகாரக மண்டளி என்பது அதன் பெயர். மகாத்மா ஜோதிராவ் புலேயின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1888இல் ‘விடாள் வித்வம்சக்’ என்னும் நூலை வெளியிட்டு, தீண்டாமைக்குச் சான்று எங்கே என்று சாதி இந்துக்களைக் கேள்விகளால் துளைத்தார். படை கற்பித்த எழுத்து, சமுதாயத்தின் படைக்கலமாக மாறிய நாள் அது.

தபோலியின் நகராட்சிப் பள்ளி அவ்வீரர்களின் பிள்ளைகளை ஏற்க மறுத்தது. அவர்கள் தனித்தனியே கெஞ்சி நிற்கவில்லை. ஒன்றுகூடி அரசுக்கு விண்ணப்பித்தனர். நெடிய வாதத்திற்குப்பின் கிடைத்தது என்ன? வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அமரலாம் என்னும் அனுமதி! அத்தாழ்வாரம் அவமானமே. எனினும், பள்ளியின் கதவை ஒருவரது செல்வாக்கால் தட்டாமல், பலரது கையொப்பத்தால் தட்டலாம் என்னும் பாடத்தைத் தபோலி நமக்கு விட்டுச் சென்றது.

1894இல் வலங்கரின் சங்கம், மகர்களை மீண்டும் படையில் சேர்க்குமாறு விண்ணப்பம் ஒன்றை வரைந்தது. தாம் முன்னாளில் சத்திரியராயிருந்து பின்னர்த் தாழ்த்தப்பட்டவர் என்று அதில் வாதிட்டனர். பிறப்பின் உயர்வைச் சொல்லி உரிமை கேட்கும் அவ்வாதம் இன்று நமக்கு உடன்பாடன்று. மனிதன் என்பதே உரிமைக்குப் போதிய சான்று. ஆனால் அக்காலத்தில் அவர்கள் கைக்கு எட்டிய சொல் அதுவாகவே இருந்தது. மறு ஆண்டு வலங்கர் மகாத் வட்டார வாரியத்தில் நியமிக்கப்பட்டபோது மேற்சாதி உறுப்பினர்கள் கொதித்தெழுந்தனர். 1900இல் அவர் மறைந்தார்.

அவர் விட்ட பணியைப் புனே நகரில் சிவராம் ஜான்பா காம்ப்ளே தொடர்ந்தார். படையிலும் காவல்துறையிலும் இடம் வேண்டி 1910இல் இந்தியா மந்திரிக்கே விண்ணப்பம் சென்றது. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, 1921இல் அதுவும் கலைக்கப்பட்டது. 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் உருவாயிற்று. தேவையான பொழுது அழைப்பதும் தேவை தீர்ந்தபின் அனுப்புவதும் ஆட்சியாளரின் இயல்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அண்ணல் அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார். அச்சபை மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கியது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாத் சவுதார் குளத்தில் அவர் நீரள்ளிப் பருகியபோது பின்சென்ற மக்களிடையே ஓய்வுபெற்ற படைவீரர்களும் இருந்தனர். அவர்களிடம் ஒழுங்கு இருந்தது, அஞ்சாமை இருந்தது, எழுதப் படிக்கவும் தெரிந்திருந்தது. இயக்கத்தின் தொண்டர் படையான சமதா சைனிக் தளத்திற்கும் இத்தகையோர் துணைநின்றனர்.

தமிழகத்திற்கும் இவ்வரலாறு அயலானதன்று. பெங்களூரில் நிலைகொண்ட சென்னைச் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையில் ஆதிதிராவிட மக்கள் தொடர்ந்து பணியாற்றினர். படைச்சம்பளம் கண்ட குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு; அவர்களின் முதல் எழுத்தும் முதல் ஓட்டுவீடும் வந்த வழி அதுவே.

இளைஞர்களே! ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கு வேலையும் ஊதியமும் கிடைத்தவுடன், சேரியை மறந்து கதவைச் சாத்திக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. தபோலி வீரர்களுக்கும் அவ்வாய்ப்பு இருந்தது. அவர்கள் தம் ஓய்வுக்காலத்தைச் சமுதாயத்திற்கு ஈந்தனர், விண்ணப்பம் எழுதினர், சங்கம் கண்டனர், பிறர் பிள்ளைக்காகவும் பள்ளி வாயிலில் நின்றனர். நம் கழகமும் இத்தகைய கைகளால் வளர்வதே. இங்குப் பயின்று பணிபெற்றோர், மாலையில் ஒரு மணி நேரம் நம் மாணவர்க்குப் பாடம் சொல்லித் தருவார்களாயின், தாழ்வாரத்தில் அமர்த்தப்பட்ட அப்பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.