பூட்டிய அறையை விட்டு வெளியேறிய பேய்: ஒரு கதையின் 30 ஆண்டுகள்

2023 செப்டம்பர் 28 அன்று வெளியான ‘சந்திரமுகி 2’, அண்மைக் காலத் தமிழ்த் திரையுலகில் பெரும் எதிர்பார்ப்பைச் சுமந்து வந்து அதை ஈடுசெய்ய முடியாமல் போன படங்களுள் ஒன்று. முதல் படத்தை இயக்கிய பி. வாசுவே இதையும் இயக்கினார். பேய்ப் படங்களால் பெயர் பெற்ற ராகவா லாரன்ஸ் நாயகனாகவும், இந்தி நடிகை கங்கனா ரணாவத் சந்திரமுகியாகவும் நடித்தனர். அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றிருந்த எம். எம். கீரவாணி இசையமைத்தார், முருகேசனாக வடிவேலு மீண்டும் வந்தார். இத்தனை இருந்தும் படம் ஏன் சோர்ந்தது என்பதற்கான விடை அந்தப் படத்துக்குள் மட்டும் இல்லை. 1993இல் கேரளத்தில் தொடங்கி, ஐந்து மொழிகளில் வலம்வந்த ஒரு கதையின் வரலாற்றில்தான் அது இருக்கிறது.

ஃபாசில் இயக்கத்தில் 1993 டிசம்பரில் வெளியான ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படமே மூலம். நுட்பமான வேலைப்பாடுகள் கொண்ட பழங்காலப் பூட்டே படத்தின் பெயரில் வரும் ‘தாழ்’. அந்தப் பூட்டு தொங்குவது ‘தெக்கினி’யில், அதாவது பழைய கேரள வீட்டின் தெற்குப் பகுதியில். கதாசிரியர் மது முட்டம், மத்தியத் திருவிதாங்கூரின் ஆலும்மூட்டில் குடும்பத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு துயரத்தைக் கருவாகக் கொண்டு திரைக்கதையை எழுதினார். படத்தின் ஒரு பகுதி, இன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் படமாக்கப்பட்டது. சோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன.

இந்தப் படத்தில் பேய் இல்லை என்பதே இதன் தலையாய செய்தி. பூட்டிய அறையைத் திறக்கும் கங்கா (சோபனா), அங்கே கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் நாகவல்லி என்னும் நடனக்காரியின் கதையில் தன்னை இழந்து, அவளாகவே பேசவும் ஆடவும் தொடங்குகிறாள். ஒருவருக்குள் இன்னோர் ஆள் தலைதூக்கி, முதல் ஆள் அதை அறியாமலே இருக்கும் மனநோயாக இதைப் படம் விளக்குகிறது. பாட்டியிடம் வளர்ந்த சிறுமி கங்காவைப் பெற்றோர் திடீரெனப் பிரித்தெடுத்த பழைய காயத்தில் அதன் வேரைக் காட்டுகிறது. மனநல மருத்துவர் சன்னி மந்திரவாதத்தை ஏளனம் செய்வதில்லை. திலகன் நடித்த தாந்திரிகரின் துணையுடன், துர்காஷ்டமி நாளில், நாகவல்லி பழிதீர்த்துவிட்டதாகக் கங்காவை நம்பவைத்துக் குணப்படுத்துகிறார். சடங்கும் மருத்துவமும் இப்படி ஒரே மேடையில் கைகோத்தது இந்தியத் திரையில் அரிய சாதனை.

திகிலையும் சிரிப்பையும் ஒரே கதையில் கலந்து தரும் படத்தை ‘ஹாரர் காமெடி’ என்பர். இவ்வகையில் பலரும் சிரிப்பைத் தனித் துண்டாக ஒட்டவைக்கும்போது, ‘மணிச்சித்திரத்தாழ்’ இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுத்தது. இன்னசென்ட் நடித்த உண்ணித்தான் மாளிகைக்குள் நுழைய நடுங்கும்போது பார்வையாளர் சிரிக்கின்றனர். ஆனால் அவர் அஞ்சும் அதே அறைக்குத்தான் அவர்களும் அஞ்சிக்கொண்டிருக்கின்றனர். தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில், நாகேஷ் தம் தந்தையாக நடித்த பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியில், பேயும் இல்லை, இருட்டும் இல்லை, கேட்பவரின் முகத்தில் ஏறும் அச்சமே அத்தனை சிரிப்புக்கும் காரணம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காட்சிக்கு இணையானது தமிழில் வரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

கதை மொழிக்கு மொழி பயணப்பட்டபோது நிகழ்ந்த ஒரு மாற்றம் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. ஆத்திரம் கொள்ளும்போது அவள் தமிழில் பேசுகிறாள், அவள் ஆடும் பாடலின் தமிழ்ப் பகுதியை வாலி எழுதினார். பி. வாசு 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும், 2005 ஏப்ரல் 14 அன்று தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் இக்கதையை எடுத்தபோது அவள் தெலுங்கில் பாடினாள். 2007இல் பிரியதர்ஷன், அதாவது மூலப் படத்தின் சில காட்சிகளைப் படமாக்க ஃபாசிலுக்கு உதவிய அதே இயக்குநர், இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தபோது அவள் வங்காளியானாள். ஒவ்வொரு மொழியும் தன் பேயை வேறொரு மொழியிலிருந்து வரவழைத்துக்கொண்டது. அந்நியமும் கவர்ச்சியும் கலந்த அந்த மொழியின் ஒலி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருப்பதால், அச்சத்துக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

தமிழ் வடிவம் 2002இல் வெளியான ‘பாபா’வின் தோல்விக்குப் பின் ரஜினிகாந்தை மீண்டும் உச்சத்தில் நிறுத்தியது, நடிகர் சிவாஜி கணேசன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. மூலத்தில் பாதிக் கதைக்கு அருகில்தான் மருத்துவர் வருகிறார். தமிழில் நாயகன் தொடக்கத்திலேயே சண்டைக் காட்சியுடன் வந்துவிடுவதால் கதையின் எடை மாறியது. ஆயினும் நடுக்கம் காப்பாற்றப்பட்டது. கண்மை கலைந்து, உதட்டில் வெறி நெளிய, ஜோதிகா சந்திரமுகியாக மாறும்போது தெரிவது வேறொருத்தியின் முகமன்று, அந்த வீட்டு மருமகளின் முகமே. அச்சத்தின் கொடுமுடி அதுதான். வடிவேலுவின் முருகேசன் அதே அச்சத்தின் சிரிப்புப் பக்கம்.

இதற்கிடையே தமிழில் தனியொரு மரபு வளர்ந்தது. லாரன்ஸ் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகிய படங்களில் ஒரு புதுமை செய்தார்: அதுவரை வேலைக்காரனுக்கோ துணை நடிகனுக்கோ ஒதுக்கப்பட்ட கோழைத்தனத்தை நாயகனுக்கே கொடுத்தார். இரவில் தாயின் துணையின்றி வெளியே செல்ல அஞ்சும் அந்த இளைஞனையே பேய் பிடித்ததால், சிரிப்பும் திகிலும் ஒரே உடலில் குடியேறின. திருநங்கை ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பெருந்திரளான மக்கள் கண்கலங்கிப் பார்க்கச் செய்ததும் ‘காஞ்சனா’வே. 2014இல் ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’ ஆகியவை வெற்றி பெற்ற பின் இவ்வகைப் படங்கள் பெருகின. பெருக்கத்தில் பேய் வெறும் ஒப்பனையாகச் சுருங்கியது.

மூலக் கதையின் தொடர்ச்சிகளில் சில வென்றன, சில இடறின. கன்னட ‘ஆப்தரக்ஷகா’ (2010), மறைந்த விஷ்ணுவர்தனின் கடைசிப் படமாகவும் அமைந்து பெருவெற்றி கண்டது. அதே ஆண்டு வாசுவே தெலுங்கில் எடுத்த ‘நாகவல்லி’யால் அதைத் திரும்பச் செய்ய இயலவில்லை. மருத்துவர் சன்னியை மீண்டும் கொண்டுவந்த மலையாள ‘கீதாஞ்சலி’ (2013) ஏமாற்றமளித்தது. இந்தியின் ‘பூல் புலையா 2’ (2022) வெற்றி பெற்றதற்குக் காரணம், பழைய கதையின் மீது சாயாமல், உண்மையான பேயுடன் புதுக் கதையாகவே அது தன்னை அறிவித்துக்கொண்டதுதான்.

பழைய கதையைச் சார்வது, புதுக் கதை சொல்வது என்னும் இரண்டு வழிகளுக்கும் நடுவே ‘சந்திரமுகி 2’ சிக்கியது. குலதெய்வ வழிபாட்டுக்காக ஊருக்கு வரும் குடும்பம் ஒன்று அதே வேட்டையபுரம் அரண்மனையில் தங்குகிறது. பழைய அறை, பழைய பெயர்கள், பழைய நகைச்சுவை எல்லாம் திரும்புகின்றன. ஆனால் இம்முறை ஆவிகள் உண்மையாகவே உலவுகின்றன. ஒரு மனத்தின் கற்பனையாக இருந்தவரை எல்லையற்றுப் பயமுறுத்திய சந்திரமுகி, கங்கனாவின் உருவத்தில் தனியாளாக வந்து நின்றதும் வழக்கமான பழிவாங்கும் ஆவியாகிவிட்டாள். கோழையாக நடித்து மக்களைக் கவர்ந்த லாரன்ஸுக்கு அஞ்சாத நாயகனின் இடம் வழங்கப்பட்டது. அஞ்சுவதற்கு வடிவேலு மட்டும் எஞ்சினார், அவருக்கும் புதிய காட்சிகள் எழுதப்படவில்லை. பெயரை மரபுரிமையாகப் பெற்றவர்கள், பேயா, மனமா என்று அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்த ஐயத்தைக் கைவிட்டனர். படத்தின் பெருங்குறை இதுவே, நடிகர்கள்மீதோ இசைமீதோ பழிபோடுவது நியாயமன்று.

மூலப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ புதுப்பிக்கப்பட்ட பிரதியாக 2024 ஆகஸ்டில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அது முதலில் வெளியானபோது பிறந்திராத இளைஞர்களும் அதைப் பார்க்கச் சென்றனர்.