விதியில் எழுதப்படாத ஆபத்து: இண்டியானாபொலிஸ், கோலார் தங்க வயல், ஐந்து புள்ளிகள்

ஃபார்முலா 1 பந்தய வரலாற்றில் இந்திய ஓட்டுநர்கள் இதுவரை பெற்றுள்ள புள்ளிகள் மொத்தம் 5. அவை ஐந்தும் ஒரே ஓட்டுநருக்கு ஒரே பிற்பகலில் கிடைத்தவை. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில், ஜோர்டன் அணிக்காக ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். அன்று அறிமுகச் சுற்றுக்குப் புறப்பட்ட கார்கள் 20. பந்தயத்தை உண்மையில் தொடங்கியவை 6.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 14 கார்களைப் பற்றிய விவாதம் இருபது ஆண்டுகளாக ஓயவில்லை. ஒவ்வொரு பந்தய வார இறுதியிலும் ஏதேனும் ஒரு தீர்ப்பு சர்ச்சைக்கு உள்ளாகும்போது ரசிகர்கள் இண்டியானாபொலிஸுக்குத் திரும்புகின்றனர். 'ஆறு பேரில் நான்காவது என்பது ஒரு சாதனையா?' என்பது ஒரு தரப்பின் கேள்வி. 'விதிப்படி நடந்த பந்தயத்தில் விதிப்படி கிடைத்த இடம். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?' என்பது மறுதரப்பின் பதில். இரு தரப்பும் ஓட்டுநரையே விசாரணைக் கூண்டில் நிறுத்துகின்றன. விசாரிக்கப்பட வேண்டியது விதியின் அமைப்பு. அவ்வமைப்பில் இருந்த குறை எது என்பதைக் காண, கார்ப் பந்தயத்துக்குத் தொடர்பே இல்லாத ஓர் இடத்தின் சட்டம் உதவுகிறது. அவ்விடம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த கோலார் தங்க வயல்.

முதலில் நிகழ்வு. இண்டியானாபொலிஸின் ஃபார்முலா 1 தடம், அங்குள்ள புகழ்பெற்ற நீள்வட்டத் தடத்தின் ஒரு பகுதியையும் பயன்படுத்திக்கொண்டது. 13ஆம் வளைவு அந்த நீள்வட்டத்தின் சாய்தளத்தில் அமைந்திருந்தது. கார்கள் அதை முழு வேகத்தில் கடந்தன. சாய்தளத்தில் கார் திரும்பும்போது சுமையின் பெரும்பகுதி இடப்பக்கப் பின் டயரில் இறங்கும். ஜூன் 17 வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கருக்கு அந்த டயரே செயலிழந்தது. கார் சுவரில் மோதியது. அவர் அந்த வார இறுதியில் மேற்கொண்டு ஓட்டவில்லை. டயரைத் தயாரித்த மிஷெலின் நிறுவனம் கோளாறின் காரணத்தை உறுதியாகக் கண்டறிய முடியாமல், 13ஆம் வளைவில் வேகம் குறைக்கப்பட்டாலொழிய தன் டயர்கள் பாதுகாப்பானவை என்று சொல்ல இயலாது எனத் தெரிவித்தது. அந்த டயர்களைப் பயன்படுத்திய அணிகள் ஏழு. அவற்றின் கார்கள் 14. ஃபெராரி, ஜோர்டன், மினார்டி ஆகிய மூன்று அணிகளின் 6 கார்களில் மட்டும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் இருந்தன. அவற்றுக்கு இத்தகைய கோளாறு இல்லை.

இங்கே அந்த ஆண்டின் ஒரு புதிய விதி குறுக்கிட்டது. 2005ஆம் ஆண்டில் தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே தொகுதி டயர்களையே பயன்படுத்த வேண்டும். டயர் பழுதானாலோ மழை பெய்தாலோ அன்றி மாற்றக்கூடாது. ஒரு டயர் 73 சுற்றுகளையும் தாங்கியாக வேண்டும் என்ற நிலையில்தான் மிஷெலினின் குறை உயிராபத்தாக மாறியது.

தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. 13ஆம் வளைவுக்கு முன் 'சிகேன்' எனப்படும் குறுக்கு வளைவு ஒன்றை அமைத்து எல்லாக் கார்களின் வேகத்தையும் குறைக்கலாம் என்று அணிகள் கோரின. ஃபெராரி நீங்கலாக ஒன்பது அணிகள் இதை ஏற்றன. புள்ளிகளே இல்லாமல் ஓட்டவும் மிஷெலின் அணிகள் முன்வந்தன. எஃப்.ஐ.ஏ. எனப்படும் பன்னாட்டு ஆட்டோமொபைல் கூட்டமைப்பு மறுத்தது. முன்சோதனை இல்லாமல் ஒரே இரவில் தடத்தின் வடிவை மாற்றுவது பாதுகாப்பானதன்று. பொருத்தமான டயருடன் வந்தவர்களுக்கு அது அநீதியுமாகும் என்பது அதன் வாதம். ஒவ்வோர் அணியும் இரு வகை டயர்களைக் கொண்டுவர விதி இடமளித்திருந்தது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. மிஷெலின் கார்கள் அவ்வளைவில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதை வழியாகச் சென்று அவ்வளைவைத் தவிர்க்கலாம் என்பன எஃப்.ஐ.ஏ. காட்டிய வழிகள்.

ஞாயிறன்று 20 கார்களும் அறிமுகச் சுற்றை ஓடின. சுற்றின் முடிவில் 14 கார்கள் பிட் பாதைக்குள் திரும்பி நின்றுவிட்டன. முதலிடத்திலிருந்து தொடங்கவிருந்த யார்னோ ட்ரூல்லியும் அவர்களுள் ஒருவர். எஞ்சிய ஆறு கார்கள் பந்தயத்தை ஓடின. பார்வையாளர்கள் கூச்சலிட்டனர், சிலர் தடத்தின்மீது பாட்டில்களை வீசினர். மைக்கேல் ஷூமாக்கர், பாரிசெல்லோ, மொன்டெய்ரோ, கார்த்திகேயன், ஆல்பர்ஸ், ஃப்ரீசாக்கர் என முடிவுப் பட்டியல் அமைந்தது. நான்காம் இடத்துக்கு அன்றைய முறைப்படி 5 புள்ளிகள்.

பந்தயத்துக்குப் பின் வந்த தீர்ப்புகள் விவாதத்தை மேலும் சிக்கலாக்கின. ஜூன் 29 அன்று பாரிஸில் கூடிய உலக மோட்டார் விளையாட்டு மன்றம் ஐந்து குற்றச்சாட்டுகளுள் இரண்டில் ஏழு அணிகளையும் குற்றவாளிகள் என்றது. பொருத்தமான டயர்களுடன் வரத் தவறியது ஒன்று. பிட் பாதையைப் பயன்படுத்தும் உரிமை இருந்தும் கார்களைப் பந்தயத்தில் இறக்க மறுத்தது மற்றொன்று. ஜூலை 22 அன்று அத்தீர்ப்பு நீக்கப்பட்டு அணிகள் விடுவிக்கப்பட்டன. ஒரே செயல், ஒரே விதிநூல், ஒரே அமைப்பு. ஒரு மாதத்துக்குள் இரு முடிவுகள்.

பந்தய விதிகள் குறித்த சச்சரவுகளில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகை, எழுதப்பட்ட சொல்லின் பொருள் பற்றியது. 2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில் நிகழ்ந்தது இதற்குத் தெளிவான சான்று. பாதுகாப்புக் கார் தடத்தில் இருக்கும்போது ஒரு சுற்று பின்தங்கிய கார்கள் முன்னே செல்ல வேண்டும் என்ற 48.12ஆம் விதியில் 'எனி' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி, ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் இடையில் இருந்த ஐந்து கார்களை மட்டும் முன்னே விட்டார். 'எனி' என்பது 'எல்லாம்' என்று பொருள்படாது என ரெட் புல் அணி வாதிட்டது. தமிழில் பெயர்ப்பவர் 'எவையாயினும்' என்றோ 'சில' என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்; ஆங்கிலச் சொல் அந்தத் தேர்வை ஒத்திப்போட இடமளித்தது. மெர்சிடஸின் முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டின் விதிநூலில் 'எல்லா' எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது. சொல்லை மாற்றியதும் அந்த ஐயம் தீர்ந்தது.

இண்டியானாபொலிஸ் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அங்கே எந்தச் சொல்லின் பொருளும் மையப் பிரச்சினையன்று. டயர் விதி தெளிவாகவே இருந்தது. அவ்விதியை எழுதியவர்கள் முன்னுணராத ஓர் ஆபத்து, பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு தோன்றியது என்பதே பிரச்சினை. எழுதப்படாத ஆபத்தின்முன் எழுதப்பட்ட விதி என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியைத்தான் கோலார் தங்க வயலின் வரலாறு வேறொரு களத்தில் எழுப்பியது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே பணியைத் தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை, நிலத்தடித் தொழிலாளர்களுள் பெரும்பான்மையோர் தமிழர்கள். அவர்களுள் பலர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தலித் குடும்பத்தினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் மேலுள்ள பாறையின் அழுத்தம் தாங்கமுடியாத அளவை அடையும்போது, தோண்டப்பட்ட வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை திடீரெனச் சிதறும். இன்று 'பாறை வெடிப்பு' எனப்படும் இந்நிகழ்வை 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆவணங்கள் 'ஏர் பிளாஸ்ட்', அதாவது காற்று வெடிப்பு, என்றன. அதிர்ச்சியோடு வீசிய காற்றை உணர்ந்தவர்கள் இட்ட பெயர் அது. காரணம் பாறையில் இருக்க, பெயர் காற்றின்மீது விழுந்தது. ஆபத்து முதலில் வருகிறது. அதற்குச் சரியான சொல் பிறகே வருகிறது. விதி அதற்கும் பின்னால்தான் வரமுடியும். பாறை இயக்கவியலை ஆராயும் தேசிய நிறுவனம் 1988இல் கோலார் தங்க வயலிலேயே நிறுவப்பட்டது தற்செயலன்று.

அச்சுரங்கங்களுக்கும் பொருந்திய 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இந்தக் கால இடைவெளியை அறிந்து எழுதப்பட்டது. அதன் 22ஆம் பிரிவு, சட்டத்திலோ விதிகளிலோ வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத ஆபத்துகளைப் பற்றியது. எந்த விதியும் மீறப்படாத நிலையிலும், சுரங்கத்தின் ஒரு பகுதியோ ஒரு வேலைமுறையோ உயிருக்கு ஆபத்தானது என்று ஆய்வாளருக்குத் தோன்றினால், குறையைக் களையுமாறு அவர் எழுத்துமூலம் கோர அது இடமளித்தது. ஆபத்து உடனடியானதாயின் வேலையையே தடைசெய்யவும் இடமிருந்தது. அவ்வாறு தடைசெய்யப்பட்ட காலத்துக்குத் தொழிலாளிக்கு முழுக் கூலி பெறும் உரிமை இருந்தது. அல்லது அதே கூலியில் மாற்று வேலையை உரிமையாளர் தர முடிந்தது.

இப்பிரிவால் கோலார் சுரங்கங்கள் பாதுகாப்பான இடங்களாகிவிடவில்லை. பாறை வெடிப்புகள் தொடர்ந்து உயிர்களைக் கொண்டன. காகிதத்தில் உள்ள அதிகாரம் 3 கிலோமீட்டர் ஆழத்தில் எப்போதும் எட்டுவதில்லை. எனினும் அப்பிரிவின் அமைப்பு கவனத்துக்குரியது. அதில் மூன்று கூறுகள் உள்ளன. விதிநூல் முழுமையற்றது என்பதை விதிநூலே ஒப்புக்கொள்கிறது. அந்த வெற்றிடத்தில் யார் முடிவெடுப்பார் என்பதைச் சொல்கிறது. நிறுத்தத்தின் இழப்பை யார் ஏற்பார் என்பதையும் முன்கூட்டியே வகுக்கிறது.

இந்த மூன்று கூறுகளைக் கொண்டு இண்டியானாபொலிஸை மீண்டும் பார்த்தால் சச்சரவின் வடிவம் தெளிவாகிறது. பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங்குக்கு ஓடுதளத்தில் அதிகாரம் இருந்தது. ஆனால் சிகேன் கோரிக்கை எஃப்.ஐ.ஏ. தலைவர் மேக்ஸ் மோஸ்லி வரை சென்று மறுக்கப்பட்டது. பிட் பாதை வழியாக ஓடுக என்ற யோசனை, சுரங்கச் சட்டத்தின் 'மாற்று வேலை'யை ஒத்தது. ஆனால் அதே கூலி அதில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதையில் மெதுவாகச் செல்லும் கார் வெல்ல முடியாது. எனவே அணிகள் அதை ஏற்கவில்லை. ஏற்காததே பின்னர் குற்றமாகச் சாட்டப்பட்டது. இழப்பை யார் ஏற்பது என்று எவரும் முன்பே வகுக்காததால், இறுதியில் அது நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர்கள்மீது விழுந்தது. மிஷெலின் பின்னர் கட்டணத்தைத் திருப்பித் தர முன்வந்ததுடன், 2006 பந்தயத்துக்கு 20,000 நுழைவுச்சீட்டுகளையும் வாங்கி அளித்தது.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. சுரங்கத்தில் பாறை அனைவருக்கும் பொதுவானது. அது யார் தலைமேல் விழும் என்று தேர்வதில்லை. இண்டியானாபொலிஸில் ஆபத்து ஒரு நிறுவனத்தின் டயரில் இருந்தது. மற்றொரு நிறுவனத்தின் டயர் அதே வளைவைத் தாங்கியது. தயாராக வந்தவரின் நன்மையைத் தயாராக வராதவருக்காகக் குறைப்பது நியாயமா என்ற எஃப்.ஐ.ஏ.யின் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதே வேளையில், கூலித் தொழிலாளிக்குச் சட்டம் அளித்த மதிப்பைக்கூட ஓர் ஓட்டுநரின் உயிர் பெறவில்லை என்பதும் ஒதுக்கத்தக்கதன்று. அறிமுகச் சுற்று முடியும்வரை, ஓட்டுவதா நிறுத்துவதா என்ற சுமையை விதிநூல் எடுத்துக்கொள்ளவில்லை, அணிகள்மீதே விட்டுவைத்தது.

இனி, நான்காம் இடம். கார்த்திகேயன் அன்று விதியால் அழைக்கப்பட்ட பந்தயத்தை, பாதுகாப்பான டயருடன், 73 சுற்றுகளுக்கான பந்தயத்தில் ஒரு சுற்று மட்டுமே பின்தங்கி முடித்தார். அவருக்கு முன்னால் வந்த மொன்டெய்ரோ அதே காரை ஓட்டியவர். பின்னால் வந்த இருவரும் வழக்கமாக அவரோடு போட்டியிட்ட மினார்டி அணியினர். அவர் பிறரது இடத்தைப் பறிக்கவில்லை. 14 பேரும் தோல்வியுற்றவர்கள் அல்லர். அவர்கள் போட்டியிடவே இல்லை. ஆகவே அந்த முடிவுக்கு அருகே உடுக்குறி இடுவதாயின், அது ஓட்டுநரின் பெயருக்கு அருகே இடத்தக்கதன்று. அந்த ஆண்டின் டயர் விதிக்கு அருகே இடத்தக்கது. 2006இல் அவ்விதி கைவிடப்பட்டு, பந்தயத்தின்போது டயர் மாற்றுவது மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

முடிவு என்பது விதி பெயரிட்டுத் தருவது. அந்தப் பெயரை ஏற்பதும், பெயரிட்ட விதியை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஐந்து புள்ளிகளும் உண்மை. அவை கிடைத்த நாளின் குறையும் உண்மை. கோலார் தங்க வயலின் ஆழத்தில் பாறைக்குச் சரியான பெயர் கிடைக்கும் முன்பே மனிதர்கள் அதன்கீழ் இறங்கி வேலை செய்தனர். விதிநூல் அறியாதது எப்போதும் ஏதேனும் இருக்கும் என்பதைச் சட்டம் பின்னர் ஒப்புக்கொண்டது அவர்களது உழைப்பின் பின்னணியில்தான். அந்த ஒப்புதல் விதிநூலில் இல்லாத இடங்களில், ஒவ்வொரு வார இறுதியிலும் ரசிகர்களே அந்தப் பிரிவை எழுத முயல்கின்றனர்.